குணமான கைக்கு ஒரு பட்டை

“கைதான் சரியாயிடுச்சேங்க. இன்னும் எதுக்கு இதை மாட்டிக்கினு இருக்கீங்க?”

மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பிசியோதெரபி நிலையம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவளான பெண், என் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டாள். கேட்டு மூன்று வாரம் ஆகிறது. அன்று “இன்னும் லேசா வலிக்கிற மாதிரியே இருக்குங்க” என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். உண்மையான பதில் எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இதை எழுதும்போதும் அந்த மணிக்கட்டுப் பட்டை கையில்தான் இருக்கிறது. கட்டைவிரல் அசையாததால் எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

என் மகளில் தொடங்கினால்தான் என் கைக்கு வர முடியும்.

அவள் தவழ்ந்ததே இல்லை. எட்டு மாதத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் பிளாக்கில் அவள் வயதுக் குழந்தைகள் கட்டிலுக்கு அடியிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் தவழ்ந்து போய்க் காணாமல் போய்க்கொண்டிருந்த நாட்களில், இவள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தாள். பிளாக் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு தவழும் வீடியோ வரும். நான் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, என் குழந்தையைத் திரும்பிப் பார்ப்பேன். அவளும் என்னைப் பார்ப்பாள், ஏதாவது வேண்டுமா என்பதுபோல.

பதினோராம் மாதத்தில் ஒரு மதியம். துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தேன். கூடத்தின் இந்த மூலையில் விட்டுப்போன குழந்தை அந்த மூலையில் இருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை. தரையைப் பார்த்தேன். எங்கள் நிலக்கரிச் சுரங்க ஊரில் காலையில் துடைத்த தரை மதியத்துக்குள் மெல்லிய கரித்தூளைப் போர்த்திக்கொள்ளும். அதை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு உதவியது. தூளில் மூட்டையை இழுத்துக்கொண்டு போனதுபோல ஓர் அகலமான தடம். அதன் ஓரமாக, வலதுகையின் ஐந்து விரல்கள் திரும்பத் திரும்பப் பதிந்திருந்தன. குழந்தையைத் தூக்கித் திருப்பினேன். ஜட்டியின் பின்பக்கம் கன்னங்கரேல் என்றிருந்தது. என் மகள் உட்கார்ந்தபடியே பயணம் செய்திருக்கிறாள்.

நான் விலங்கியல் படித்தவள். முழங்கை மடங்குவதைப் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பதில் எங்கள் வகுப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. மேல்கையின் முன்பக்கத் தசை சுருங்கி இழுத்தால் கை மடங்கும்; அப்போது பின்பக்கத் தசை தளர்ந்து விட்டுக்கொடுக்க வேண்டும். நீட்டும்போது பின்பக்கம் இழுக்கும், முன்பக்கம் விட்டுக்கொடுக்கும். நாம் கதவைத் தள்ளுவதாக நினைக்கும்போதுகூட உள்ளே ஏதோ ஒரு தசை ஓர் எலும்பை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் கை விறைத்து நிற்கும். எங்கும் போகாது.

இவ்வளவு அறிவோடு நான் தரையில் குப்புறப் படுத்து மகள் நகர்வதைக் கவனித்தேன். முன்தொடைத் தசை இழுக்க, முழங்கால் நீளும். குதிகால் தரையில் ஊன்றும். பிறகு பின்தொடைத் தசை சுருங்கும். ஊன்றிய குதிகால் நகராததால் உடம்புதான் அதை நோக்கி நகர வேண்டும். வழவழப்பான சிவப்புத் தரையில் அவள் சறுக்கிக்கொண்டு முன்னால் வருவாள். பின்னால் ஒரு கை துடுப்பு. இடுப்பின் பந்துக் கிண்ண மூட்டும் முழங்காலின் கீல் மூட்டும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே வேலை செய்தன. பாடப்புத்தகத்தில் இல்லாதது ஒன்றுதான்: குழந்தை ஏன் எழுந்திருக்கவில்லை என்பது.

குழந்தை மருத்துவர் அவளை மேசையில் படுக்கவைத்து, கால்களை மடக்கி, விரித்து, நீட்டிப் பார்த்தார்.

“இடுப்பு மூட்டு நல்லா இருக்கும்மா. கால்ல பலம் இருக்கு. சில குழந்தைங்க இப்படித்தான் போவாங்க. நடக்கக் கொஞ்சம் லேட்டாகும். பதினெட்டு மாசம் முடியறப்ப கூட்டிட்டு வாங்க, அப்பவும் அடி எடுத்து வைக்கலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி நரம்பு டெஸ்ட் எடுத்துப் பார்ப்போம்.”

அவர் சொன்னதில் முக்கால் பங்கு ஆறுதல். நான் வீட்டுக்கு எடுத்துவந்தது மிச்சக் கால் பங்கை மட்டும்.

என் கணவர் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருக்கிறார். நிலக்கரியைச் சுமந்து ஓடும் அந்த நீளமான ரப்பர் பெல்ட்டுகள் நிற்காமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எது நகராவிட்டாலும் அவருக்குக் காரணம் மூன்றுதான்: கிரீஸ் இல்லை, அலைன்மென்ட் சரியில்லை, இல்லாவிட்டால் ஸ்லிப் ஆகிறது. மருத்துவர் மூட்டு நன்றாக இருக்கிறது என்றதுமே முதல் இரண்டையும் அடித்துவிட்டார்.

“டாக்டரே சொல்லிட்டாரு, பேரிங் நல்லா இருக்காம்” என்றார். “அப்ப மானிட்டர் பண்ணணும். அவ்வளவுதான்.”

மறுநாள் ஃபிரிட்ஜ் மேல் ஒரு கோடு போட்ட நோட்டு வந்து உட்கார்ந்தது. ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று கட்டம். அவர் வேலைக்குப் போகும்போது என்னிடம் ஷிப்டை ஒப்படைத்துவிட்டுப் போவார். வந்ததும் நோட்டை வாங்கிப் படிப்பார். “இடது கால்: நார்மல். வலது கால்: நார்மல். நகர்ந்த தூரம்: கூடம் முதல் பூஜை அலமாரி வரை. மற்றவை: மதியம் கேரட் துப்பியது.” சிரித்துக்கொண்டேதான் எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்தில், பகல் தூக்கத்தில் மகள் கால் உதைத்த நேரத்தைக்கூடக் குறித்துக்கொண்டிருந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. இந்தக் கதையில் நடந்த கெடுதல் பாதி அதனால்தான் நடந்தது என்று இப்போது படுகிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் வேறொரு வழி இருந்தது.

“மணல்ல குழி தோண்டி, இடுப்பு வரைக்கும் இறக்கி நிக்க வச்சிடணும் யம்மா. தினம் அரை மணி நேரம். காலு தானா கெட்டியாயிடும். எங்க ஊர்ல அப்படித்தான் செய்வாங்க.”

“குழந்தை பயந்துக்காதாக்கா?”

“சுரங்கத்துக்குன்னு எங்க கொல்லையவே தோண்டி எடுத்துக்கினு போயிட்டாங்க, நாங்க பயந்துக்கினா இருந்தோம்? ஒரு சின்னக் குழிக்கு ஏம்மா இவ்ளோ ரோசன பண்ணிக்கினு இருக்கே?”

அன்று மாலை தோட்டத்துப் பக்கம் போய், எங்கே தோண்டலாம் என்று பார்த்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. நன்றாக ஆழமாகத் தோண்டினால் வேண்டியது கிடைக்கும் என்று நம்பிக் கட்டிய ஊர் இது. அந்த நம்பிக்கை காற்றில் இருக்கிறது. கரித்தூள் மாதிரி மூச்சில் போய்விடுகிறது.

கணவர் குழியைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அவருடைய மூளை வேறொரு திசையில் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

“பிரச்சினை குழந்தைகிட்ட இல்ல. தரைகிட்ட. ஸ்லிப் ஆகுற தரையா இருக்கறதாலதான் அவ சறுக்கிட்டே போறா. சறுக்க முடியலைன்னா என்ன பண்ணுவா?”

“என்ன பண்ணுவா?”

“முட்டி போடுவா. வேற வழி?”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. உராய்வு இயற்பியல் பாடம். அதிலும் நான் நல்ல மதிப்பெண்தான்.

சுரங்கத்தில் ஓடித் தேய்ந்த பழைய பெல்ட்டைத் துண்டு போட்டு விற்கிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. மாட்டுக் கொட்டகையில் விரிப்பார்கள், கார் நிறுத்தும் இடத்தில் விரிப்பார்கள். குழந்தைக்கு விரித்தவர்கள் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி யானை வண்டியில் அது வந்து இறங்கியது. இரண்டு பேர் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் சோப்புப் பொடி போட்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். மூன்று முறையும் கறுப்புத் தண்ணீர்தான் வந்தது. நான்காவது முறை வெந்நீர். பிறகு கூடம் முழுக்க விரித்தோம். வீடு லாரி டயர்க் கடை மாதிரி நாறியது. “இப்ப பாரு” என்றார் கணவர். மகளை நடுவில் உட்காரவைத்தோம்.

அவள் வழக்கம்போல காலை நீட்டினாள். குதிகாலை ஊன்றினாள். இழுத்தாள். உடம்பு நகரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். ஜட்டி மட்டும் பின்னால் கழன்றது. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பேருந்தை நடுக்காட்டில் நிறுத்திவிட்டு இறங்கிப்போன ஓட்டுநரை அப்படித்தான் பார்ப்பார்கள்.

“புதுசுல்ல. செட் ஆக ரெண்டு நாள் ஆகும்” என்றார் அவர்.

இரண்டு நாளில் அவள் முட்டி போடவில்லை. நான்கு நாளிலும் இல்லை. நோட்டில் வரிசையாக எழுதினேன்: நகர்வு இல்லை, நகர்வு இல்லை, நகர்வு இல்லை. அதுவரை அவள் தானாகவே பூஜை அலமாரிக்குப் போய்க் குங்குமச் சிமிழைக் கவிழ்ப்பாள், கொடியில் தொங்கும் துண்டை இழுப்பாள். இப்போது பெல்ட்டின் நடுவில் உட்கார்ந்து அழுதாள். அழுதால் நான் போய்த் தூக்கினேன். எங்கே கை காட்டுகிறாளோ அங்கே கொண்டுபோய் இறக்கினேன். அங்கிருந்து வேறு இடம் காட்டுவாள். மீண்டும் தூக்கினேன். ஒரே வாரத்தில் அவள் அழுவதை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கக் கற்றுக்கொண்டாள். பொத்தானை அழுத்துவது மாதிரி. கைகள் மேலே போனால் நான் வர வேண்டும்.

இதைத் திரும்ப எண்ணிப் பார்க்கும்போது வெட்கமாக இருக்கிறது. கூடம் முழுக்க ஒரு கன்வேயர் பெல்ட்டை விரித்துவிட்டு, அந்தப் பெல்ட் பார்க்க வேண்டிய வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு வரும் அக்காதான் சொன்னார்: “புள்ளைய ரப்பர்ல ஒட்ட வச்சிட்டு, நடக்கல நடக்கலன்னு நீயே சொல்லிக்கினு இருக்கியே யம்மா.”

இரண்டு மூன்று வாரத்தில் என் வலது மணிக்கட்டு, கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலிக்க ஆரம்பித்தது. முதலில் பெல்ட்டைத் தேய்த்ததால் என்று நினைத்தேன். பிறகு பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சூடு வைத்ததுபோல் சுரீரென்றது. பால் மூடியைத் திருக முடியவில்லை. அப்படித்தான் அந்த மாடிக்கு முதல் முறை போனேன்.

பிசியோதெரபி பெண் என் கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்களை மூடச் சொன்னாள். பிறகு முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“குழந்தைய எப்படித் தூக்குறீங்க? காட்டுங்க.”

மேசைமேல் இருந்த தலையணையை மகளாக நினைத்து, அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

“அதாங்க. கட்டைவிரலை விரிச்சுக்கினு அதாலயே வெயிட்டைத் தூக்குறீங்க. விரலை அசைக்கிற தசை முன்கையில இருக்கு. அங்கேர்ந்து கயிறு மாதிரி நாண் வந்து இந்த இடத்துல ஒரு சின்ன உறைக்குள்ள நுழைஞ்சு போவுது. ஓயாம இழுத்துக்கினே இருந்தா அந்த இடம் வீங்கிக்கும். கயிறு ஓடாது.” பிறகு கேட்டாள்: “ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி தூக்குவீங்க?”

நோட்டு கையில் இல்லாததால் சரியான கணக்கு சொல்ல முடியவில்லை. “கூப்பிடும்போதெல்லாம்” என்றேன்.

“அப்ப அதோட காலு எப்போங்க வேலை செய்யும்?”

எல்லாரும் பாடமாக எடுத்த விஷயத்தை அவள் ஒரு கேள்வியாகக் கேட்டுவிட்டு, கட்டைவிரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பட்டையை மாட்டிவிட்டாள். ஆறு வாரம். குழந்தையைத் தூக்கக் கூடாது.

மகளுக்கு அப்போது பதினைந்து மாதம்.

வீட்டுக்கு வந்தேன். அவள் கைகளைத் தூக்கினாள். நான் பெல்ட்டின்மேல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பட்டையைக் காட்டினேன். “அம்மாவுக்குக் கையில உவ்வாடா. தூக்க முடியாது.” அவள் மறுபடியும் கைகளைத் தூக்கினாள். பொத்தான் வேலை செய்யவில்லை என்பது புரிய அவளுக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் அவளும் அழுதாள், நானும் அழுதேன், கணவர் நோட்டில் “இரு யூனிட்டும் நிறுத்தம்” என்று எழுதினார். அதற்கு நான் அவரோடு ஒரு ஷிப்ட் முழுக்கப் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் என் நைட்டியைப் பற்றினாள். பிறகு என் தோளை. மேல்கையின் முன்பக்கத் தசை இழுத்தது. அதைக் கண்ணால் பார்த்தேன், கொழுகொழுவென்ற கைக்குள் ஏதோ திரண்டது. பாதங்கள் ரப்பரில் ஊன்றின, வழுக்கவில்லை. முழங்கால்கள் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தன. இடுப்பு கடைசியாக வந்து சேர்ந்தது. என் மகளின் முகம் என் முகத்துக்கு மேலே இருந்தது. அவள் என்னைக் குனிந்து பார்த்தது அதுதான் முதல் முறை. நான் மூச்சு விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவாள் என்று பயம்.

அன்றிலிருந்து சுவர், நாற்காலி, என் முதுகு என்று பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாறரை மாதத்தில் நாற்காலியை விட்டுவிட்டு நான்கு அடி வைத்தாள். வீடியோ எடுக்க எனக்குக் கை இல்லை.

உடனே எல்லாரும் வெற்றிக்குச் சொந்தம் கொண்டாடினார்கள்.

“கிரிப் இருந்ததாலதான் நின்னா. சறுக்குத் தரையில நின்னிருப்பாளா?” என்றார் கணவர். அவருடைய பெல்ட் இன்றும் கூடத்தில் இருக்கிறது. வேலைக்கு வரும் அக்கா, நான் பார்க்காத நேரத்தில் குழந்தையைத் தோட்டத்து மணலில் கணுக்கால்வரை புதைத்து நிற்கவைத்ததாக இப்போதுதான் ஒப்புக்கொண்டார். “இடுப்பு வரைக்கும்தானே வேணாம்னாரு சாரு” என்றார். வாட்ஸ்அப் குழுவில் இருபது பேர் “நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றார்கள். யாரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. பிசியோதெரபி பெண்ணோ, “நீங்க தூக்கறதை நிறுத்தினீங்க, அது எழுந்துடுச்சு” என்று முடித்துவிட்டாள். யாருமே எதுவும் செய்யாமல் இருந்திருந்தால், அவள் சறுக்கிக்கொண்டே போய் என்றாவது ஒரு நாள் தானாக எழுந்திருப்பாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது பட்டைக்கு வருகிறேன்.

ஆறு வாரம் முடிந்து ஒரு நாள், குளித்துவிட்டுப் பட்டை இல்லாத கையோடு கூடத்துக்கு வந்தேன். நாற்காலியிலிருந்து கதவுக்கு நடந்துகொண்டிருந்த மகள் என் கையைப் பார்த்தாள். நின்றாள். பொத்தென்று உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

உள்ளே போய்ப் பட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். அவள் பார்த்தாள். பெரிய மனுஷி மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். தரையில் கை ஊன்றி எழுந்து நடந்தாள்.

தற்செயலாக இருக்கும் என்று மறுநாளும் செய்து பார்த்தேன். அதற்கு மறுநாளும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், கணவர் பார்க்காத இடத்தில், எழுதிவைத்திருக்கிறேன்: பட்டை இல்லை, உட்கார்ந்தாள். பட்டை உண்டு, நடந்தாள். அதன் பிறகு நான் அதைக் கழற்றவே இல்லை, அவள் தூங்கும் நேரம் தவிர. தூக்கச் சொல்லி அவள் கையை நீட்டினால் தூக்காமல் இருக்கும் உறுதி எனக்கு இல்லை, பட்டைக்கு இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பிசியோதெரபி பெண் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வீக்கம் இல்லை. முஷ்டியைச் சாய்த்தாலும் வலி இல்லை. ஆனால் கட்டைவிரலின் அடிச்சதை இடது கையைவிட மெலிந்திருக்கிறது. மூட்டு விறைத்திருக்கிறது. “வேலை குடுக்காத தசை கரைஞ்சிக்கினே போவும்ங்க. இனிமே இதைப் போட்டா இதாலதான் கை கெடும்” என்று சொல்லி, ஒரு பஞ்சுப் பந்தை அமுக்கும் பயிற்சி கொடுத்து அனுப்பினாள். பந்து பூஜை அலமாரியில் இருக்கிறது. மகள் நடந்து போய் எடுத்துக் கடிக்கிறாள்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நேர்மையாக இருக்காது. என் கையில் பட்டை ஏறியதிலிருந்து குக்கரை இறக்குவது, தரை துடைக்கும் துணியைப் பிழிவது, இட்லி மாவு அரைப்பது எல்லாம் கணவர்தான். காலை ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் சட்னிகூட அரைத்துவைக்கிறார், கொஞ்சம் கரகரப்பாக. “எப்படி இருக்கு கை?” என்று கேட்பார். “இருக்குங்க” என்பேன். அதில் பொய் ஒன்றுமில்லை. கை இருக்கத்தான் செய்கிறது. ஆகவே, இதை மகளுக்காக மாட்டிக்கொண்டிருக்கிறேனா, அந்தச் சட்னிக்காகவா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கியவள் நான். எனக்குள் இரண்டும் ஒன்றாக இழுத்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்த வியாழக்கிழமை மகளுக்குப் பதினெட்டு மாதம் முடிகிறது. மருத்துவர் அவளை அறையின் ஒரு பக்கம் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து என்னைக் கூப்பிடச் சொல்வார். பட்டையோடு போனால் அவள் நடப்பாள். ஆனால் கணவர் பக்கத்தில் இருப்பார், மருத்துவர் “கைக்கு என்னம்மா?” என்று கேட்டு வாங்கிப் பார்த்தால் என் குட்டு வெளிப்படும். பட்டை இல்லாமல் போனால் அவள் உட்கார்ந்து கைகளைத் தூக்குவாள். நரம்பு டெஸ்ட்டுக்குச் சீட்டு எழுதிவிடுவார்கள். அவள் நரம்பில் ஒன்றுமில்லை, என் மணிக்கட்டில்தான் விஷயம் என்று நான் அந்த அறையில் எப்படி விளக்குவேன்?

பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுங்கள். வியாழனுக்குள் கழற்றிப் பழக்கிவிடட்டுமா, கூப்பிட்டுக் கூப்பிட்டு அவள் அழுதாலும் வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டுமா? அது உங்களால் முடிந்ததா? முடிந்ததென்றால், அந்த நேரத்தில் கைகளை என்ன செய்தீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். என் கைக்கு அந்த ஒன்று மட்டும் தெரியவில்லை.